ஜோசப்பின் கறந்த கத்தரிப்பூப் பால்

கந்தப்பளையில் பால்காரி ஜோசப்பினிடம் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்ட ஆள் ஒருவன்தான். தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை அவன். விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஜோசப்பின், அவன் செம்பில் அளந்து ஊற்றிய பாலைத் திரும்பத் தன் வாளிக்குள் கவிழ்த்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அந்தத் தோட்டத்தில் இருந்த காலம் வரைக்கும் அவன் பால் ஊற்றாத பிளேன்டீதான் குடித்தான். பிளேன்டீ உடம்புக்கு நல்லது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

அப்படி ஒரு ரோஷம் அவளுக்கு. அது அதிகம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். இலங்கை, சுதந்திரம் வாங்கிய சூட்டோடு தோட்டத்து ஆட்களின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டது. ஜோசப்பின் பிறந்ததும், அவளைப் பெற்றவள் பிறந்ததும் இதே மலையில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில்தான். இருந்தாலும் நான் இந்த ஊர்க்காரி என்று நீட்டிக் காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பஜாரில் அவள் யார் என்று விசாரித்தால் மட்டும் ஒரே பதில் வரும்: தண்ணி கலக்காத ஜோசப்பின். அந்த ஒரு பேரை அவள் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதில் என்ன தப்பு இருக்கிறது?

கல்யாணமான நாளிலிருந்து கொழுந்து பறித்தவள்தான் அவளும். ஒரு மழைக்காலத்தில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. கூடை தூக்க முடியாமல் போனதும் தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள். புருஷன் இக்னேசியஸுக்குத் தேயிலை பேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. பேச்சுக் குறைந்த மனிதர். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் ஜோசப்பின் கொதித்தால் அவர் அசைவதே இல்லை. பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை.

பிள்ளை இல்லாத அந்தக் காம்பிராவுக்கு டேசி வந்து சேர்ந்தது பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது. பங்களாவின் மேசை நாற்காலியிலிருந்து குதிரைச் சேணம் வரைக்கும் ஏலத்தில் போனது. ஒரு சீமைக் கலப்புக் கன்றுக்குட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. பேதியாகி, வாலைக்கூட அசைக்கத் திராணியில்லாமல் கிடந்தது அது. துரை அதை இக்னேசியஸ் தலையில் கட்டிவிட்டுப் போனார். இக்னேசியஸ் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பெண்சாதி மடியில் விட்டார். ஜோசப்பின் அதைக் கஞ்சி ஊற்றித் தேற்றினாள், தன் கம்பளியைப் போர்த்திவிட்டுத் தான் குளிரில் கிடந்தாள். பங்களாவில் வைத்த பேரையும் மாற்றவில்லை. பின்னாளில் அந்தக் கன்று சிவப்பும் வெள்ளையுமாக வளர்ந்து, காலையும் மாலையும் வாளி நிறையக் கறந்தபோது, அதைப் பெற்றவளே தான்தான் என்பதைப்போல நடந்துகொண்டாள். டேசியைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவர்களோடு பேச்சுவார்த்தை அறுந்துபோகும்.

அறுபத்தொன்றாம் வருஷம் டேசி மூன்றாவது முறையாகச் சினையாக இருந்தது. அந்த லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. சினை மாட்டுக்கு யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும், கன்று போட்டதும் அவர்களுக்குச் சீம்பாலில் பங்கு வந்துவிடும். அதனால் டேசி பால் வற்றி ஓய்ந்திருந்த மாதங்களில் அதன் தொட்டி காலியாக இருந்ததே இல்லை. ஒருத்தி மிஞ்சிய சோற்றைக் கொட்டினாள், ஒருத்தி உருளைக்கிழங்கை அவித்துக்கொண்டு வந்தாள். பக்கத்துக் காம்பிரா காளியாயி தன் வீட்டு ரொட்டி மாவில் ஒரு பிடியைத் தினமும் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். ஜோசப்பின் தன் பங்குக்குப் புண்ணாக்கும் தவிடும் குறைவில்லாமல் வைத்தாள். மாசமாக இருக்கிறவளுக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போடுவதுபோல லயமே சேர்ந்து அந்த மாட்டுக்கு ஆக்கிப் போட்டது. டேசி உருண்டு திரண்டு, முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி பளபளவென்று நின்றது. கண்ணூறு பட்டுவிடும் என்று பயந்து, ஜோசப்பின் தொழுவத்தில் அந்தோனியார் படத்தை ஒட்டியதோடு நில்லாமல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தோனியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியம்தான்.

கன்று சுகமாக விழுந்தது. சீம்பால் அவிந்து வீடு வீடாகப் போனது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து டேசி புண்ணாக்கை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தவிடு வேண்டாம் என்றது. கொஞ்சம் மானாப்புல்லைக் கடித்துவிட்டு நின்றுவிடும். சாணி சின்னச் சின்ன உருண்டையாகக் காய்ந்து விழுந்தது. அத்தனை நாள் ஊட்டி வளர்த்த சதை கண்ணெதிரே கரைந்து, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்ற அசதி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஜோசப்பின் நினைத்தாள். ஓமத்தண்ணீர் கொடுத்தாள். பால் குறைந்தது. குறைந்த பாலைக் குறைந்தபடியே அளந்து கொடுத்தாளே தவிர, அதைக் கூட்டிக் காட்ட ஒரு கை தண்ணீர் அள்ளவில்லை.

அவளுடைய பாலில் பாதிக்கு மேல் போவது பஜாரில் அன்சார் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு. அன்சார் நானா நல்ல மாதிரி. ஜோசப்பினைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் புதன்கிழமை அவள் பாலைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, கடையில் தேத்தண்ணி குடித்த இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுளித்தார்கள். கெட்டுப்போன வாசம் இல்லை, புளிப்பும் இல்லை. பழுத்துக் கனிந்த பேரிக்காயை யாரோ தேத்தண்ணிக்குள் நசுக்கிப் போட்டதுபோல இருந்தது.

அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்திருந்தான் லியனார்ட். நுவரெலியா மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. புதன்கிழமை தவறாமல் பஸ்ஸில் வந்து பஜாரில் இறங்கி, சுற்றுவட்டாரத்து மாடுகளைப் பார்ப்பான். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த வேதக்காரப் பையன். டாக்டர் இல்லை, டாக்டருக்கு உதவி. ஊர் அவனை டாக்டர் என்றது, அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். அங்கே கற்றுக்கொண்ட ஒரு வெள்ளைப் பொடியை ஒரு கறுப்புக் கண்ணாடிச் சீசாவில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு, அதைப் போட்டுப் பார்க்க ஒரு மாடு கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தான்.

தேத்தண்ணியை மோந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வெள்ளைச் சாசரை எடுத்தான், பொடியைக் குவித்தான், பச்சைப் பாலில் சில துளிகளை அதன்மேல் விட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைப் பொடி மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. லியனார்ட் சந்தோஷத்தில் குதித்தேவிட்டான். இது யாருடைய பால் என்று கேட்டான். ஜோசப்பினுடைய பால் என்றார்கள். பிடிபட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அவன் சொன்னது நோயை. கடையில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதற்கு முந்திய மாதம்தான் சுகாதார ஐயா வந்து, பாலில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்து, ஒரு பால்காரரின் பாலை நடுத்தெருவில் கொட்டியிருந்தார். அரசாங்கத்து ஆள் ஒருவர் பாலைச் சோதிக்கிறார் என்றால் எதற்குச் சோதிப்பார் என்பது பஜாருக்கு மனப்பாடம்.

லியனார்ட் வழி கேட்டுக் கேட்டு மலையேறி லயத்துக்கு வந்து சேருவதற்குள் செய்தி குறுக்குப் பாதையில் ஓடி வந்துவிட்டது. ஜோசப்பின் பால் நிறம் மாறிவிட்டதாம், டாக்டர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம். காளியாயி அதைச் சொல்லும்போது ஜோசப்பின் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆடிப்போய்விட்டாள். அப்போது பார்த்து லியனார்ட் பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான், மாட்டைப் பார்க்க வேண்டும் என்று. அவள் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. அவன் ஈரல் என்றான், கொழுப்பு என்றான், மூத்திரம் கொஞ்சம் பிடித்துத் தாருங்கள் என்றான். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. எம் மாட்டுக்கு ஒண்ணுமில்லைங்கய்யா, நீங்க போயிட்டு வாங்க என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுடைய மரியாதை எவ்வளவு கொடுமையானது என்பது அந்தக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், லியனார்டுக்குத் தெரியாது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவள் நெஞ்சில் குத்தியது மறுநாள் காலைதான். பாலைக் கொண்டுபோய் வைத்தபோது அன்சார் நானா வாளியைத் தொடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள், நான் நம்பவில்லை, ஆனாலும் நாலு நாளைக்குப் பால் வேண்டாம், பேச்சு அடங்கட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வசையாகப் பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில், சீம்பால் வாங்கித் தின்ற வீடுகளில்கூடத் தன்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோனதை அவள் கவனித்தாள். அன்றைக்கு அந்தப் பாலை எல்லாம் தேயிலைத் தூரில் ஊற்றிவிட்டு, தொழுவத்தில் டேசியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். டேசியின் மூச்சில் பேரிக்காய் வாசம் அடித்தது. அதை அவள் பல நாளாக மோந்துகொண்டுதான் இருந்தாள். பழகிப்போனதால் அது வாசமாகவே தெரியவில்லை.

பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. பாலில் சந்தேகம் வந்தால் பால்காரர்கள் செய்வது ஒன்று உண்டு. மாட்டையே வாடிக்கைக்காரர் வாசலுக்கு ஓட்டிப்போய், அவர்கள் கண் முன்னால் காம்பிலிருந்து கறந்து கொடுப்பார்கள். அதற்கு மேல் எந்த வாயும் பேச முடியாது. இதுவரைக்கும் அவளுக்கு அந்த நிலைமை வந்ததில்லை. அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருந்தாள். பொடி வைத்திருக்கிறவனும் இருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் புதன்கிழமை விடிந்ததே மழையோடுதான். ஆடி மாதத்துக் காற்று மலையைச் சுழற்றி அடித்தது. டேசி முந்தின நாள் முழுக்க எதையும் தொடவில்லை. ஜோசப்பின் கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்து, பேசாத இக்னேசியஸ்கூடப் பேசினார்.

“நிக்கவே தள்ளாடுது. இதப் போயி மழையில நடத்துறியா?”

“எம் பேரக் கெடுத்தவங்க எல்லாரும் பஜாருல இருக்காங்க. இங்க கறந்தா யாரு பாக்குறது?”

அவர் தன் கம்பளியை எடுத்து டேசியின் முதுகில் போட்டுக் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். அவர் கயிற்றைப் பிடுங்கியிருக்கலாம். பெண்சாதியின் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால் பிடுங்கவில்லை.

கன்று பின்னால் கத்திக்கொண்டே இருக்க, தேயிலைச் சரிவில் இறங்கும் கல் ரோட்டில் டேசி நின்று நின்று நடந்தது. கூப்பிட்டால் வரும் மாடு அது, அடித்து ஓட்டிப் பழக்கமே இல்லை. அன்றைக்கும் ஜோசப்பின் அடிக்கவில்லை. வா தாயி, வா தாயி என்று முன்னால் நடந்தாள். அவள் கூப்பிட்டதற்காகவே அது நடந்தது.

அன்சார் நானாவின் கடைக்கு முன்னால் வந்து நின்றபோது இருவரும் நனைந்து ஒழுகினார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள், மரக்கறி லொறிக்காரர்கள், சந்தைக்கு வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. லியனார்டும் கடைக்குள் இருந்தான். ஜோசப்பின் அன்சார் நானாவிடம் ஒரு சாசர் வாங்கினாள். அதை அவர் கையாலேயே துடைக்கச் சொன்னாள். தன் இரண்டு கையையும் விரித்து எல்லோருக்கும் காட்டினாள். மடியைக் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்தாள். லியனார்ட் பக்கத்தில் வந்து மெதுவாக, நான் கலப்படம் என்று சொல்லவே இல்லை அக்கா, தயவு செய்து மாட்டை உள்ளே கட்டுங்கள் என்று கெஞ்சினான். அவன் டேசியின் கண்ணைப் பார்த்துவிட்டிருந்தான்.

“பொடியப் போடுங்கய்யா,” என்றாள் ஜோசப்பின்.

போட்டான். அவள் சாசரைக் காம்புக்குக் கீழே பிடித்து நேராகப் பீச்சினாள். காம்புக்கும் பொடிக்கும் நடுவில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பால் வெள்ளையாக விழுந்தது, பொடியில் ஊறியது, பிறகு போன வாரத்தைவிட அழுத்தமாகக் கத்தரிப்பூ நிறமானது.

 அன்சார் நானாதான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப குத்தம் பாலுல இல்ல. மாட்டுக்குத்தான் என்னமோ.” கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. அதுதானே, ஜோசப்பினாவது தண்ணி கலக்கிறதாவது, நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அன்றைக்கே சொன்னவர்கள் இத்தனை பேர் என்றால், இத்தனை நாள் பேசியது யார் என்றுதான் தெரியவில்லை.

ஜோசப்பினுக்கு மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது. இப்படி ஒரு சந்தோஷம் அவள் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. சாசரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடிக்கும்போதுதான் அன்சார் நானா சொன்ன இரண்டாவது பாதி அவளுக்குள் இறங்கியது. திரும்பினாள். டேசியின் முன்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் கயிற்றைப் பிடிப்பதற்குள் அது ஒரு பக்கமாகச் சரிந்து, பின்னங்கால் வடிகாலின் கல் விளிம்பில் மடங்க, மொத்த உடம்பும் அதன்மேல் விழுந்தது. கையில் இருந்த சாசர் எங்கே போனது என்று ஜோசப்பினுக்குத் தெரியாது.

எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. லொறிக்காரர்கள் சாக்கை அடியில் விரித்து, எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து இழுத்து, கடைக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்சார் நானா தன் விறகை மழையில் அள்ளிப் போட்டு இடம் செய்து கொடுத்தார். லியனார்ட் அடுத்த பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போய் குளுக்கோஸ் போத்தல்களோடு திரும்பி வந்து, கழுத்து நரம்பில் ஏற்றினான். டாக்டரும் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, செய்வதெல்லாம் சரிதான், தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாய் வழியாகக் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து மூங்கில் குழலால் ஊற்ற வேண்டியிருந்தது. டேசி யார் கையிலும் வாயைத் திறக்கவில்லை, ஜோசப்பின் கையில் மட்டும் திறந்தது.

வேலை முடிந்து கரியும் வேர்வையுமாக ஓடி வந்த இக்னேசியஸுக்கு லியனார்ட் விஷயத்தை விளக்கினான். கன்று போட்ட மாட்டுக்குப் பால் சுரக்க நிறையச் சத்து வேண்டும். மாடு அளவுக்கு மீறிக் கொழுத்திருந்தால் அந்த நேரம் பார்த்துப் பசி மந்தித்துப் போகும். தின்ன முடியாதபோது உடம்பு தான் சேர்த்து வைத்த கொழுப்பை உருக்கி எடுக்கும். உருகிய கொழுப்பெல்லாம் ஈரலுக்கு வந்து, எரித்துத் தீர்க்க முடியாமல் அங்கேயே படிந்துவிடும். பாதி எரிந்தது ரத்தத்தில் கலந்து பாலிலும் மூச்சிலும் மூத்திரத்திலும் வெளியே வரும். பொடி காட்டுவது அதைத்தான்.

இக்னேசியஸ் தன் பேக்டரி அடுப்பை நினைத்துக்கொண்டு கேட்டார். “பெரிய கட்டையா ஒரேடியா அடுப்புல திணிச்சாப் பொகதான் வரும், நெருப்பு வராது. இந்தக் கலரு, பொகையாங்க?”

பொகையேதான் என்றான் லியனார்ட். அப்படியானால் இந்த குளுக்கோஸ் தண்ணிதான் பற்றவைக்கிற சுள்ளி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இக்னேசியஸ் மாட்டின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்தார். லியனார்ட் தன் பயிற்சிக் காலத்தில் கேட்ட விளக்கங்களில் இவ்வளவு சின்னது ஒன்றுகூட இல்லை என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

லயத்தில் விஷயம் தெரிந்ததும் காளியாயி வந்து டேசியின் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள், ஊட்டி ஊட்டியே கொன்றுவிட்டோமே என்று. இன்னும் சாகவில்லை, எழுந்து போ என்று ஜோசப்பின் அதட்டினாள். அதட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மனதுக்குள் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்பாக வைத்த தவிடும் புண்ணாக்கும் இப்படி ஈரலில் போய் உட்காரும் என்று யார் கண்டது? ஆனால் அவளை அரித்தது அது இல்லை. தெரியாமல் செய்ததை அவளால் மன்னித்துக்கொள்ள முடிந்தது.

அன்சார் நானாவின் மனைவி ஆயிஷா மூன்று வேளையும் ஜோசப்பினுக்குச் சாப்பாடு கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை என்றால் தானும் சாப்பிடாமல் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். படுக்கைப்புண் வராமல் டேசியைப் பக்கம் மாற்றிப் புரட்டிப் போட, கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்களை அன்சார் நானா உள்ளே கூப்பிட்டார். மாட்டைப் புரட்டாமல் அந்த வாரம் எவருக்கும் தேத்தண்ணி கிடைக்கவில்லை. லியனார்ட் புதன்கிழமைக்குக் காத்திராமல் நினைத்த நாளெல்லாம் வந்தான். வந்ததும் பொடியில் ஒரு துளி விடுவான். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில், ஆயிஷா பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்த வாழைப்பழச் சீப்பைத் தலைமாட்டில் மறந்து வைத்துவிட்டுப் போக, டேசி கழுத்தை எட்டித் தோலோடு அத்தனையையும் தின்று தீர்த்தது. சத்தம் கேட்டு வந்த ஆயிஷா, காம்பு மட்டும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்து, சிரிப்போடு அழுதாள்.

பொடி வெள்ளையாகவே நின்ற நாளில், டேசியை எல்லோரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். நின்றது. ஆனால் வடிகால் விளிம்பில் மடங்கிய பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. நுனிக்குளம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நொண்டியது. அது எலும்பல்ல, நரம்பு, அதனால் இனி முழுதாகச் சரிவராது என்று லியனார்ட் தடவிப் பார்த்துச் சொன்னான். பால் கறக்கும், கன்று போடும், மலையேறி மேய மட்டும் முடியாது.

மற்றவர்கள் வெளியே போன பிறகு ஜோசப்பின் அவனை நிறுத்தினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனை ஐயா என்று கூப்பிடாமல் தம்பி என்று கூப்பிட்டாள்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லுங்க. அன்னைக்கு நான் நடத்திக் கூட்டிட்டு வராம இருந்தா, இது விழுந்திருக்குமா?”

லியனார்ட் நல்ல பையன். எப்படியும் விழுந்திருக்கும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொய் வரவில்லை.

“விழுந்திருக்காதுக்கா. தொழுவத்துலயே வெச்சு வைத்தியம் பாத்திருந்தா, நின்னபடியே தேறியிருக்கும். எம் மேலயும் தப்புதான். கடையில வெச்சு நான் அந்தப் பொடியப் போட்டிருக்கக் கூடாது. நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கணும்.”

அவள் தலையை ஆட்டினாள். அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டேசியின் முதுகில் இருந்த வைக்கோல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அன்று சாயங்காலம் மரக்கறி லொறி ஒன்றில் டேசியை ஏற்றி லயத்துக்குக் கொண்டுபோனார்கள். லொறியின் பின்பக்கம், டேசியின் காலுக்கு முட்டுக்கொடுத்து அதன் கீழேயே அவள் உட்கார்ந்து போனாள்.

அதற்குப் பிறகு டேசி இரண்டு கன்று போட்டது. சினையாக இருந்த காலத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் எவரையும் ஜோசப்பின் அண்டவிடவில்லை. சீம்பால் மட்டும், ஒன்றும் கொண்டுவந்து போடாதவர்களுக்கும் பங்காகப் போனது. மாட்டுக்கு மேய்ச்சல் இல்லாததால், அடிபட்ட இடுப்போடு தினமும் மலையேறிப் புல் அறுத்துச் சுமந்து வந்தாள். ஒரு புல்லுக்கட்டையாவது நான் தூக்குகிறேன் என்று இக்னேசியஸ் கேட்டால், இது என் சுமை என்று சொல்லிவிடுவாள். தொழுவத்தில் அது நொண்டி நொண்டித் தொட்டிக்கு வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் செய்துகொண்டிருக்கிற வேலை ஒரு கணம் நின்றுபோகும்.

பால் வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. அன்றைக்குக் காம்பிலிருந்து சாசருக்குப் பீச்சிக் காட்டிய கதை வலப்பனை வரைக்கும் போயிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள், என்ன ஒரு பொம்பளை என்று. அந்தக் கதையை யாராவது அவளுக்கு முன்னால் எடுத்தால், அவள் அளப்பதை அளந்து கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அறுபத்தைந்தில் பஜாரில் புதிதாக ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை வந்தது. அதன் முதலாளி வெளியூர்க்காரர். கறக்கிற பாலை மொத்தமாகத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: முதல் நாள் மட்டும் மாட்டைக் கடை வாசலுக்கு ஓட்டி வந்து, எல்லோரும் பார்க்கக் கறந்து காட்ட வேண்டும். நீங்கள் முன்னே செய்ததுதானே, எனக்கு அந்தக் கதை தெரியும் என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அன்சார் நானா, இன்றைக்கு இந்த ஆள் பிளேன்டீதான் குடிக்கப் போகிறார் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

“சந்தேகம்னா வாங்காதீங்க மொதலாளி,” என்றாள் ஜோசப்பின். “தண்ணி கலந்த பாலுன்னே வெச்சுக்குங்க. எம் மாடு வராது.”